கிணற்றை மூடிவிட்டு 1,100 அடி போர்வெல்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தண்ணீர்ப் பஞ்சம் பற்றிய கட்டுரையில், பெங்களூருக்கு அடியில் இருக்கும் 'நீர்க்கடல்' வற்றுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அல்சூரில் முப்பத்தைந்து வருஷம் போர்வெல் மோட்டாருக்குச் செம்புக் கம்பிச் சுருள் (காயில்) கட்டியவன் நான். இங்கே அடியில் கடலும் இல்லை, ஆறும் இல்லை. கருங்கல்தான்.

கல்லுக்கு மேலே மண்ணும் உளுத்த பாறையும். மழைத்தண்ணீர் முதலில் தங்குவது அங்கே. கிணற்றில் ஊறுவது அதுதான். கீழே கல்லில் வெடிப்பு இருந்தால் தண்ணீர், இல்லையென்றால் தூசி. ஒரே சைட்டில் ஒரு மூலையில் 900 அடி போயும் ஈரம் வராது, பத்தடி தள்ளிப் போட்டால் 300-லேயே பீய்ச்சும். போர்வெல் துளைக்கும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். மண் சரியாமலிருக்க மேலே கேசிங் பைப் இறக்குகிறார்கள் அல்லவா, அந்தப் பைப்பே மேல்தண்ணீரை உள்ளே விடாது. இது பலருக்குத் தெரியாது.

எங்கள் வீட்டுக் கிணறு 32 அடி, அப்பா வெட்டியது. இருபது வருஷம் வறண்டு குப்பைக்குழியாகக் கிடந்தது. டேங்கருக்கு நாயாய் அலைந்த 2024 கோடையில் மருமகனும் நானும் தூர்வாரி, மாடிக் குழாயை ஜல்லித் தொட்டி வழியாக அதில் திருப்பினோம். எங்களுடையது 30க்கு 40 அடி சைட். இந்த ஊர் மழை வருஷத்துக்குச் சுமார் 970 மி.மீ. பெருக்கிப் பாருங்கள், ஒரு லட்சம் லிட்டரைத் தாண்டும். அந்த ஐப்பசியில் சொம்பைக் கயிற்றில் விட்டேன். பன்னிரண்டாவது அடியில் 'தொப்'பென்றது! குடிக்கமாட்டோம், சாக்கடைக் கசிவு பயம். துணிக்கும் செடிக்கும் கக்கூசுக்கும் அதுதான்.

காவிரித் தண்ணீரோ சுமார் 100 கி.மீ. தள்ளி தொரேகாடனஹள்ளியிலிருந்து, 500 மீட்டர் உயரம் ஏற்றப்பட்டு வருகிறது. அந்த மோட்டார்கள் தின்னும் கரண்டை நினைத்தால் எனக்கே தலை சுற்றும்.

போன வாரம் எங்கள் தெருவில் ஒரு பழைய வீட்டை இடித்தார்கள். அங்கே கல் கட்டிய கிணறு, என்னுடையதைவிட அகலம். எட்டிப் பார்த்தேன், தண்ணீர் இருந்தது. கார் நிறுத்த இடம் வேண்டுமாம், இடிபாட்டை அதிலேயே கொட்டி மூடிவிட்டார்கள். மறுநாள் அதே சைட்டில் ரிக் வண்டி. கட்டட அனுமதி மனுவில் 'கிணறு உண்டா?' என்று ஒரு வரி சேர்த்து, இருந்தால் மூடக்கூடாது என்று சொன்னால் என்ன? தயவுசெய்து இதை நீங்கள் எழுத வேண்டும்.

1,100 அடி போட்டார்கள், விடிய விடிய சத்தம். வந்தது வெள்ளைத் தூள். என் செம்பருத்தி இலையெல்லாம் படிந்துவிட்டது. காலையில் கிணற்றிலிருந்து நாலு வாளி இறைத்துக் கழுவினேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மோட்டார் மெக்கானிக்,
அல்சூர், பெங்களூரு.