காய்ந்த தடத்தில் இறங்கும் முன்

என் அன்பு மகனுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பாறை மேல் நிற்கும் உன் மலைச்சைக்கிளின் டயர் கொஞ்சமும் அமுங்கவில்லை. காற்றை இறுக்கி அடித்திருக்கிறாய். கோடை முழுக்க வாராவாரம் அந்தக் கரடுமுரடான தடத்தில் போகப்போவதாக எழுதியிருக்கிறாய் அல்லவா, அதனால் காற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

ஈர மண் டயரைப் பிடித்துக்கொள்ளும். வெயிலில் காய்ந்த மண் பிடிக்காது. கீழே தளம் சிமென்ட் மாதிரி இறுகியிருக்கும், அதன் மேல் பொடிக்கல்லும் தூசியும் கோலிக்குண்டு பரப்பியதுபோல் உருளும். கல் மாதிரி இறுகிய டயர் அந்தப் பொடிக்கல்லின் மேல் உட்கார்ந்து வழுக்குகிறது. காற்றைக் குறைத்தால் டயர் ஒவ்வொரு கல்லையும் சுற்றி மடங்கி, அடியில் உள்ள தளத்தைத் தொடும். பிடிப்பு அங்கேதான் கிடைக்கிறது.

உன் எடை 70 கிலோவுக்குப் பக்கம், டயர் 2.35 அங்குல அகலம். ட்யூப்லெஸ், அதாவது உள்ளே ட்யூப் இல்லாத டயர் என்றால், காற்றழுத்தத்தை முன்னால் 21, பின்னால் 24 பிஎஸ்ஐயில் ஆரம்பி. உள்ளே ட்யூப் இருந்தால் இரண்டிலும் 4 கூட்டிக்கொள். பிறகு ஒவ்வொரு பிஎஸ்ஐயாக மாற்றிப் பார். கல்லில் ஏறும்போது ரிம் 'டங்' என்று அடிபட்டால் காற்று போதவில்லை. வளைவில் டயர் பக்கவாட்டில் நெளிந்து கொடுத்தாலும் அப்படித்தான். சின்னச் சின்னக் கல்லுக்கெல்லாம் சக்கரம் துள்ளினால் காற்று இன்னும் அதிகமாக இருக்கிறது. நின்று அடிக்கும் பெரிய பம்பில் உள்ள முள் இவ்வளவு குறைந்த அழுத்தத்தைச் சரியாகக் காட்டாது. தனியாக ஒரு சின்ன கேஜ் வாங்கி, எப்போதும் அதிலேயே அள. கேஜுக்குக் கேஜ் ஒன்றிரண்டு பிஎஸ்ஐ மாறும், ஆனால் ஒரே கேஜ் என்றால் உன் அளவு உனக்குப் புரிந்துவிடும்.

வெயில் இதிலும் தலையிடும். 20 டிகிரியில் 22 பிஎஸ்ஐ அடித்த டயர், 40 டிகிரிக்குச் சூடேறும்போது ஏறக்குறைய 24.5க்கு வந்துவிடும். காலையில் சரியாக இருந்த டயர் பத்து மணிக்கு ஏன் வழுக்குகிறது என்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். முந்தின இரவே அடித்து வைத்தாலும், தடத்தில் இறங்கும் முன் ஒருமுறை அளந்துவிடு.

ட்யூப் போட்டு ஓட்டும்வரை ஒன்றைக் கவனி. பஞ்சரான ட்யூபில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கீறல் இருந்தால், கல்லுக்கும் ரிம்முக்கும் இடையில் ட்யூப் நசுங்கியிருக்கிறது. அதற்கு மருந்து காற்றைக் கூட்டுவது. ஒரே துளை என்றால் முள்ளோ கம்பியோ டயரில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். உள்பக்கத்தை ஒரு துணியால் துடைத்துத் தேடு, விரலால் தடவாதே.

நீ ட்யூப்லெஸ்ஸுக்கு மாறுவது நல்லது என்பது என் எண்ணம். செலவு செய்ய ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது என்றால் அதில் செய். 29 அங்குலச் சக்கரத்துக்கு 100 முதல் 120 மில்லி சீலன்ட், அதாவது ஓட்டையைத் தானே அடைக்கும் திரவம், டயருக்குள் ஊற்ற வேண்டும். கோடையில் அது இரண்டு மூன்று மாதத்தில் உலர்ந்து ரப்பர் படலமாகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, முள் குத்தும் அன்றுதான் தெரியும். வால்வை மேல்பக்கம் வைத்து, காற்றை இறக்கி, வால்வுக்குள் இருக்கும் சின்ன அடைப்பானை ('கோர்') கழற்று. சக்கரத்தைத் திருப்பி வால்வைக் கீழே கொண்டுவந்து, சீலன்ட் வடிந்து தேங்கக் கொஞ்ச நேரம் விட்டு, ஒரு மெல்லிய ஜிப் டையை (பிளாஸ்டிக் கட்டு நாடா) வால்வுக்குள் விட்டுப் பார். நுனி நனையவில்லை என்றால் 60 மில்லி சேர்.

உன் சைக்கிளில் முன்பக்கம் மட்டும்தான் அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷன், 120 மிமீ வரை அமுங்கும் ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை). ஹெல்மெட், தண்ணீர்ப் பை எல்லாம் மாட்டிக்கொண்டு, பெடலில் எழுந்து நின்றால் அது 20 முதல் 24 மிமீ வரை இறங்க வேண்டும். ஃபோர்க்கின் காலில் இருக்கும் ரப்பர் வளையத்தை அடியில் தள்ளி வைத்துவிட்டு ஏறி, குதிக்காமல் இறங்கு. வளையம் நின்ற இடத்தை ஸ்கேலால் அள. குறைவாக இறங்கினால் ஃபோர்க்கின் காற்றைக் குறை, அதிகம் இறங்கினால் ஏற்று. அதற்கு ஷாக் பம்ப் வேண்டும், டயர் பம்பைப் போடாதே.

இப்போது பிரேக்.

மலைச்சைக்கிள் ஓட்டம் ஒரு விளையாட்டாக உருவான இடங்களில் ஒன்று கலிஃபோர்னியாவின் ஃபேர்ஃபாக்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு செங்குத்தான மண்பாதை. 1976இல் அங்கே இறக்கப் பந்தயம் தொடங்கியது. பழைய சைக்கிள்களில் பெடலைப் பின்னால் மிதித்துப் பிடிக்கும் ஹப் பிரேக்தான், அதாவது சக்கரத்தின் நடுக்குடத்துக்குள் இருக்கும் பிரேக்தான் இருந்தது. ஒரே இறக்கத்தில் ஹப்புக்குள் இருந்த கிரீஸ் சூட்டில் புகைந்து போய்விடும், கீழே வந்ததும் புது கிரீஸ் அடைக்க வேண்டும். அப்படி மறுபடி அடைப்பதை வைத்தே அந்தப் பாதைக்கு 'ரீபேக்' என்று பெயர் வந்தது. பிரேக் என்பது வேகத்தைச் சூடாக மாற்றும் கருவி, அந்தச் சூடு போக வழி வேண்டும். சக்கரத்தோடு சுழலும் உலோகத் தட்டை இறுக்கிப் பிடிக்கும் இன்றைய டிஸ்க் பிரேக்கிலும் கணக்கு அதேதான்.

நீண்ட இறக்கத்தில் லீவரை லேசாகப் பிடித்தபடியே வருவதுதான் புதிதாக ஓட்டுபவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. டிஸ்க் ஆற நேரமே கிடைக்காது. நேரான பகுதியில் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறை, பிறகு முழுக்க விடு. இடையில் விடும் அந்த சில நொடிகளில்தான் டிஸ்க் ஆறும். சூடு மிஞ்சும்போது இரண்டு விதமாகக் காட்டும். லீவர் கெட்டியாகவே இருந்தும் பிடிப்பு இல்லை என்றால் டிஸ்க்கை அழுத்தும் பேட் சூடேறியிருக்கிறது, நிறுத்தி ஆறவிட்டால் பெரும்பாலும் திரும்பிவிடும். லீவர் தொளதொளவென்று ஹேண்டில்பார் வரை வந்துவிட்டால் உள்ளே இருக்கும் பிரேக் திரவம் கொதித்து ஆவியாகியிருக்கலாம். அன்றைக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே இறங்கு, கண்ணா. ஆறினபின் சரியானதுபோல் தோன்றினாலும் திரவத்தை மாற்றி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றாமல் ('ப்ளீட்' செய்யாமல்) மறுபடி இறங்காதே.

பிரேக் திரவத்தில் டாட், மினரல் ஆயில் என்று இரண்டு வகை. டாட் வகைத் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த வரம்பு 155க்கு இறங்கிவிடும். அதனால் வருடத்துக்கு ஒருமுறை, கோடைக்கு முன்பே மாற்று. உன்னுடையது மினரல் ஆயில் வகையா, டாட் வகையா என்று லீவரின் மூடியில் எழுதியிருக்கும். ஒன்றுக்குப் பதில் மற்றதை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும். புது பேட் போட்டால் சமதரையில் மிதமான வேகத்தில் 20 முறையாவது, முழுக்க நிற்காமல், வேகத்தைக் குறைத்துக் குறைத்து விடு. பேட் டிஸ்க்கோடு பழகாமல் முழுப் பிடிப்பு வராது. உராயும் பொருள் 1 மிமீ தடிமனுக்கு வந்துவிட்டால் பேட்டை மாற்று. செயினுக்கு ஸ்பிரே அடிக்கும்போது டிஸ்க்கில் ஒரு துளி பட்டாலும் போச்சு, பேட் அதைக் குடித்துவிடும்.

இறங்கும் விதத்தைப் பற்றி. சீட்டைத் தாழ்த்து. இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும், குதிகால் கொஞ்சம் கீழே, முழங்கை வெளியே விரிந்து, முட்டி தளர்ந்து. எடை முழுவதும் காலில், கை லேசாக, பிரேக் லீவரில் ஒரே விரல். உடம்பைப் பின்னால் தள்ளிக்கொண்டே போகச் சொல்வார்கள். காய்ந்த தடத்தில் அந்த யோசனை உன்னைக் கீழே தள்ளும். பின்னால் போனால் முன்சக்கரத்தின் மேல் எடை இருக்காது, பொடிக்கல்லில் அது வாரிக்கொண்டு போகும். நெஞ்சு ஹேண்டில்பாருக்கு மேலேயே தாழ்ந்து இருக்கட்டும். மிகச் செங்குத்தான இடத்தில் மட்டும் இடுப்பைப் பின்னால் எடு.

வளைவுக்கு முன்பே, சைக்கிள் நேராக இருக்கும்போதே, வேகத்தைக் குறைத்து முடித்துவிடு. டயருக்கு ஒரு அளவுதான் பிடிப்பு உண்டு. திரும்பவும் நிறுத்தவும் இரண்டுக்கும் சேர்த்துக் கேட்டால் கொடுக்காது. வளைவுக்குள் போனபின் பயத்தில் முன் பிரேக்கைத் தொட்டால்தான் பெரும்பாலும் விழுவது. பின்சக்கரத்தைப் பூட்டி இழுத்துக்கொண்டு போகவும் வேண்டாம். அப்போது நிற்க அதிக தூரம் ஆகும், பாதையும் கீறி, அடுத்த மழையில் அந்தக் கீறல் ஓடையாகிவிடும்.

பாறைக் குவியலில் கண் எங்கே போகிறதோ அங்கேதான் சக்கரமும் போகும். பயமுறுத்தும் கல்லைப் பார்க்காமல், வெளியேறும் இடத்தைப் பார். உள்ளே நுழைந்தபின் பிரேக் வேண்டாம், மெதுவாகப் போனால் ஒவ்வொரு இடுக்கிலும் சக்கரம் சிக்கும். ஏற்றத்தில் இதற்கு நேர் எதிர். எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் வெறுமனே சுற்றும். சீட்டின் நுனியில் உட்கார்ந்து, நெஞ்சைத் தாழ்த்தி, கியரை ஏற்றம் தொடங்கும் முன்பே மாற்றி, சீராக மிதி.

தண்ணீர் விஷயத்தில் நீ சின்ன வயதிலிருந்தே கவனக்குறைவு, அதனால் இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே எழுதுகிறேன். வெயிலில் மணிக்கு 500 முதல் 750 மில்லி என்று கணக்கு வை. உன் உடம்பு எவ்வளவு கேட்கிறது என்று சரியாகத் தெரிய வேண்டுமானால், போகும் முன்பும் வந்த பின்பும் வேர்த்த உடையைக் கழற்றி எடை பார். குறைந்த ஒரு கிலோ என்பது ஏறக்குறைய ஒரு லிட்டர் வேர்வை. குடித்ததையும் அதோடு கூட்டிக்கொள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் வெறும் தண்ணீர் போதாது. வேர்வையில் உப்பும் போகிறது, வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலியும் குமட்டலும் வரும். கையில் வேறு எதுவும் இல்லாதபோது ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும் திரும்பு. பாதி தீர்ந்தபின் திரும்பினால் தாமதம். போகும்போது விடியல், வரும்போது உச்சி வெயில். போகும் வழி இறக்கமாக இருந்தால் திரும்பும் வழி முழுக்க ஏற்றம்.

முதல் இரண்டு வாரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். உடம்பு வெப்பத்துக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் நிழலில் உட்கார்ந்து, தலையை நனைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடி. கூட வருபவன் உளறினாலோ, தள்ளாடினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ அது வெப்பத் தாக்கு. வேர்வை நிற்கவில்லையே என்று தைரியமாக இருந்துவிடாதே, கடுமையாக உழைக்கும்போது வரும் தாக்கில் வேர்த்துக்கொண்டே இருக்கலாம். அவசர உதவிக்கு அழைக்கச் சொல்லிவிட்டு உடனே உடம்பைக் குளிர்வி. ஹெல்மெட்டையும் உடையையும் கழற்று, கையிலிருக்கும் தண்ணீரை எல்லாம் ஊற்று, விசிறு. நினைவு தடுமாறுபவன் வாயில் தண்ணீர் ஊற்றாதே.

பையில் இருக்க வேண்டியவை அதிகம் இல்லை. டயர் லீவர் இரண்டு, கைப்பம்ப், ட்யூப்லெஸ் ஆனாலும் ஒரு ட்யூப், ட்யூப்லெஸ் ஓட்டையை அடைக்கும் ப்ளக், செயின் உடைக்கும் கருவி உள்ள மல்டிடூல், அறுந்த செயினை இணைக்க உன் செயினின் ஸ்பீடுக்கு (பின்னால் எத்தனை பல்சக்கரம் என்பது) பொருந்தும் குவிக் லிங்க் இரண்டு, பழைய டயரில் வெட்டிய 5 செமீ துண்டு ஒன்று. டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் அந்தத் துண்டை உள்ளே வைத்து ட்யூபைப் போடலாம். ட்யூப்லெஸ் வால்வின் வெளி நட்டைக் கையால் மட்டும் இறுக்கு. குறடால் இறுக்கினால் காட்டில் கழற்ற முடியாது, கழற்றாமல் ட்யூப் போடவும் முடியாது.

இதோடு உன் சைக்கிள் மாடலுக்கே உரிய டெரெய்லர் ஹேங்கர், அதாவது பின்னால் கியர் மாற்றும் டெரெய்லரைச் சட்டத்தோடு பிடிக்கும் சின்னத் துண்டு, ஒன்று வாங்கி வை. வலப்பக்கம் விழுந்தால் முதலில் வளைவது அதுதான், அதற்காகவே மென்மையாகச் செய்திருக்கிறார்கள். விழுந்து எழுந்ததும் மிதிக்காதே. பின்னால் நின்று பார்: டெரெய்லர் சக்கரத்தை நோக்கிச் சாய்ந்திருந்தால் பெரிய பல்சக்கரத்துக்குக் கியர் மாற்றாதே. மாற்றினால் டெரெய்லர் ஸ்போக்குக்குள் போய், ஹேங்கர், ஸ்போக், செயின் மூன்றும் போகும்.

செயினுக்குத் தூசிக்காலத்தில் கெட்டி எண்ணெய் வேண்டாம், அது மண்ணைச் சேர்த்து அரைக்கும் பசையாகிவிடும். உலர் வகை எண்ணெயோ மெழுகோ போடு. ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு துளி, முந்தின இரவே. காலையில் வெளியே இருப்பதைத் துணியால் முழுக்கத் துடைத்துவிடு. 12 ஸ்பீடு செயின் 0.5 சதவீதம் நீண்டதும் மாற்று, தள்ளிப்போட்டால் கேசட்டும் (பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கு) சேர்ந்து தேயும்.

ஹெல்மெட் ஒருமுறை பலமாக அடிபட்டால், வெளியே கீறல் தெரியாவிட்டாலும், மாற்றிவிடு. உள்ளே இருக்கும் நுரை ஒருமுறைதான் நசுங்கித் தாங்கும்.

அந்தத் தடத்தில் போனில் சிக்னல் இருக்காது என்று எழுதியிருந்தாய். ஒவ்வொரு முறையும் எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று பக்கத்தில் இருக்கும் நண்பனுக்கு அனுப்பு, அந்த நேரத்துக்கு மேல் ஒரு மணி நேரம் ஆனால் தேட வேண்டும் என்றும் சொல்லி வை. அதே செய்தியை எனக்கும் அனுப்பு. வந்து சேர்ந்ததும் 'வந்துவிட்டேன்' என்று ஒரு வார்த்தை போதும், நான் விழித்துக்கொண்டுதான் இருப்பேன்.

உன்
அம்மா