பயாஸை அணைத்துவிட்டுக் குளிர்வி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ எழுதிய இரண்டு வரி கிடைத்தது. "குளிர்வித்த பிறகு நாய்ஸ் குறைய வேண்டியது, கூடுகிறது. ஏன்?" அவ்வளவுதான். கரும்பொருளைத் தேடும் கருவிக்காக நீ திரவ ஆர்கானில் சோதிக்கும் ஒளிச் சென்சாரைச் சொல்கிறாய். கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். வைகாசியில் பேசியதை இங்கே கிளறப்போவதில்லை.

அதற்கு முன்னால் ஒன்று. ராத்திரியில் தனியாகத் திரவ ஆர்கான் நிரப்புகிறாயா? ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் எண்ணூறு லிட்டருக்கும் மேல் வாயு ஆகும். காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு தேங்கும். இருமல் வராது, மூச்சும் முட்டாது. மூச்சுத் திணறலை உடம்புக்கு உணர்த்துவது கரியமில வாயுதான், அது எப்போதும்போல வெளியேறிக்கொண்டே இருக்கும். ஆளுக்குத் தெரியாமலே நினைவு தப்பிவிடும். மேலத்தெருக் கிணற்றைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆக்சிஜன் மீட்டரை மேஜையில் வைக்காதே, சட்டைக் காலரில் மாட்டு. 19.5 சதவீதத்தில் அது கத்தினால் வால்வைத் தேடாதே, வெளியே போ.

இனி உன் கேள்வி. குளிர்விக்கும்போது பயாஸை, அதாவது சென்சாருக்குக் கொடுக்கும் வோல்டேஜை, அறை வெப்பத்து அளவிலேயே விட்டிருப்பாய் என்று நினைக்கிறேன். உன் சென்சார் ஒரு சிலிக்கான் போட்டோமல்டிப்ளையர். அது ஒற்றை ஒளித்துகளுக்கும் துடிக்கத் தொடங்கும் பிரேக்டவுன் வோல்டேஜ் குளிரக் குளிர இறங்கும். அறையில் 32 வோல்ட் இருந்தது திரவ ஆர்கானின் 87 கெல்வினில் 27 பக்கம் வந்துவிடும். நீ 37 வைத்திருந்தால், பிரேக்டவுனுக்கு மேல் 5 வோல்ட் (ஓவர்வோல்டேஜ்) என்று நீ எண்ணுவது உண்மையில் 10. வெளிச்சமே இல்லாமல் வெப்பத்தால் வரும் துடிப்புகள், அந்த டார்க் கவுண்ட், லட்சம் மடங்குக்கு மேல் குறைந்திருந்தாலும், பக்கத்துச் செல்லைக் கிளப்பும் கிராஸ்டாக்கும், அதே செல்லை மறுபடி கிளப்பும் ஆஃப்டர்பல்ஸும் ஒன்றையொன்று கிளப்பிவிட்டு ஓயாமல் துடிக்கும். பயாஸை அணைத்துவிட்டுக் குளிர்வி. வெப்பநிலை நிலைத்ததும் மங்கலான எல்இடி வெளிச்சத்தில் மின்னோட்டம்-வோல்டேஜ் வளைவு எடுத்து, பிரேக்டவுனைப் புதிதாகக் கண்டுபிடித்து, அதற்கு மேல் 4, 5 வோல்ட் வை. அவசரமாகவும் குளிர்விக்காதே. சிலிக்கானும் பலகையும் ஒரே அளவில் சுருங்காது, எபாக்ஸி ஒட்டு விட்டுவிடும்.

அப்படியும் குறையவில்லை என்றால், லேசர் ஒளியைச் சென்சாருக்குக் கொண்டுபோகும் ஃபைபரைப் பார். லேசரிலிருந்து கழற்றிய ஃபைபரின் வெளிமுனையை மூடாமல் விட்டால், அறை விளக்கின் வெளிச்சம் அது வழியாக நேரே கிரையோஸ்டாட் என்ற குளிர்கலத்துக்குள் போகும். மூடியைப் போட்டு, விளக்கை அணைத்து, மறுபடி எண்ணு. எண்ணிக்கை மாறினால் எங்கோ வெளிச்சம் கசிகிறது.

இன்னொன்று, புத்தகத்தில் யாரும் அழுத்திச் சொல்லாதது. ஆர்கானுக்குள் வைத்து அளந்தால் அது டார்க் கவுண்ட்டே இல்லை. காற்றிலிருந்து பிரித்த ஆர்கானில் கிலோவுக்கு நொடிக்கு ஒரு கதிரியக்க ஆர்கான்-39 அணு சிதையும். தரைமட்டத்தில் வானிலிருந்து வரும் மியூவான் துகள்கள் வேறு. அவை ஆர்கானில் எழுப்பும் ஒளி மைக்ரோ நொடிக்கணக்கில் இழுத்துக்கொண்டு வரும், அந்தப் புற ஊதா ஒளியைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றும் டிபிபி பூச்சு அதற்கும் பிறகு மினுங்கும். சென்சாரின் சொந்த நாய்ஸ் வேண்டுமென்றால் ஆர்கான் இல்லாமல், வெற்றிடத்திலோ திரவ நைட்ரஜனிலோ அள. திரவ நைட்ரஜனும் மூச்சை நிறுத்தும், மீட்டரை மறக்காதே.

அடுத்தது சென்சாரை அளவுதிருத்துவது. லேசரை மிக மங்கலாக்கு. பத்தாயிரம் லேசர் துடிப்பில் (ட்ரிக்கர்) ஒன்பதாயிரத்துக்குச் சொச்சம் வெறுமையாக வர வேண்டும். கெயின், அதாவது ஒரு ஃபோட்டானுக்குச் சென்சார் தரும் மின்னூட்டம், ஹிஸ்டோகிராமில் ஒன்றாம் மேட்டுக்கும் இரண்டாம் மேட்டுக்கும் உள்ள தூரம். வந்த ஒளியை மேடுகளை வைத்துக் கணக்கிடாதே, வெறுமையானவற்றை எண்ணு. ஒரு ஃபோட்டான்கூட வராதபோது கிராஸ்டாக்குக்கு வேலையில்லை, அதனால் அந்த எண்ணிக்கை மட்டும் கெடாது. 9,048 வெறுமை என்றால் விகிதம் 0.9048, அதன் இயல் மடக்கையின் குறியை மாற்றினால் 0.1, துடிப்புக்குச் சராசரியாகப் பதிவான ஃபோட்டான் அவ்வளவுதான். சராசரி மின்னூட்டத்தைக் கெயினால் வகுத்து 0.13 வந்தால், மிகுதி 30 சதவீதமும் உன் சென்சார் தானாகச் சேர்த்தது. லேசரை அணைத்து அதே அகல ஜன்னலில் எடுத்த அளவைக் கழித்துவிடு.

இதையெல்லாம் இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. போன கடிதத்தில் நீ எழுதிய ஒரு வாக்கியம், "எப்படியும் எதுவும் கிடைக்கப்போவதில்லை" என்பது. ஆர்கான் வேலையில் நாணயமே டிரிப்லெட்டில்தான், அதாவது தாமதமாக வரும் ஒளியில்தான், இருக்கிறது. துகள் எலக்ட்ரானில் மோதினால் முதல் 90 நானோ நொடியில் ஏறக்குறைய 30 சதவீத ஒளி வரும், கரும்பொருளிடம் நாம் எதிர்பார்ப்பதுபோல அணுக்கருவில் மோதினால் 70. நைட்ரஜன் சில பிபிஎம் (பத்து லட்சத்தில் சில பங்கு) கலந்தால் பின்னால் வரும் ஒளி செத்துப்போகும், முன்னால் வருவதன் பங்கு ஏறும். சாதாரண எலக்ட்ரானே கரும்பொருள் வேஷம் போட்டு வரும். இருப்பதைக் கண்டுபிடிப்பதற்கு எவ்வளவு கவனம் வேண்டுமோ, இல்லை என்று உறுதியாகச் சொல்வதற்கும் அவ்வளவும் வேண்டும். இத்தாலியின் கிரான் சாஸோ நிலத்தடி ஆய்வகத்தில் டார்க்சைட்-20கே என்ற கரும்பொருள் சோதனை 21 சதுர மீட்டருக்கு இந்தச் சென்சார்களைப் பதிக்கிறது. அதில் ஒரு துண்டு என் மகள் சோதித்தது என்று அப்பா தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தார். அதே அப்பா இப்போது ஃபோனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறார். மணி அடிக்கிறதா என்று எடுத்து எடுத்துப் பார்ப்பார், என்னிடம் ஒன்றும் கேட்க மாட்டார். நீயும் அவரைப் போலவே அமுக்கம்.

டிபிபி பூசிய தகடுகளை வெளிச்சத்தில் வைக்காதே, புற ஊதா பட்டால் பூச்சு கெடும். மஞ்சள் விளக்குப் போதும். ஆர்கானின் அசுத்தத்தை உறிஞ்சும் கெட்டரைச் சூடாக்கி ஆர்கானைச் சுற்றவிட்டு, டிரிப்லெட் ஆயுளைத் தினமும் குறித்து வை. 1.5 மைக்ரோ நொடிக்குப் பக்கத்தில் நின்றால் சுத்தம். நாளுக்கு நாள் இறங்கினால் எங்கோ காற்று உள்ளே போகிறது, முதலில் இணைப்பை அடைக்கும் ஃபிளேஞ்ச் கேஸ்கெட்டைப் பார்.

நிரப்பும்போது இன்னொருவர் அறைக்கு வெளியே இருக்கட்டும். அவர் விழுந்தாலும் நீ உள்ளே ஓடாதே, நீ விழுந்தாலும் அவர் ஓடக் கூடாது. இதை இருவரும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். யார் அந்த இன்னொருவர் என்று நான் கேட்கவில்லை. இருந்தால் நல்லது.

வளைவு எடுத்ததும் எனக்கு அனுப்பு, வெப்பநிலையை மேலே எழுதி. அப்பாவுக்குத் தனியாக ஒரு வரி எழுது, என்னிடம் சொல்லி அனுப்பாதே.

அன்புடன்,
அம்மா