ஸ்பான்சர் விலகினால் வீரரைக் கைகாட்டாதீர்கள்: விளையாட்டுச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

விளையாட்டுச் சங்கங்களின் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். வீரர் எதிர்ப்புக் காட்டினார், ஸ்பான்சர் விலகினார், சங்கத்துக்கு நஷ்டம் என்றே நீங்கள் கணக்குச் சொல்கிறீர்கள். ஒப்பந்த வாசகங்களோடு மல்லுக்கட்டும் எங்களுக்கு, கோளாறு பெரும்பாலும் கையெழுத்துக்கு முன்பே தொடங்கிவிடுவதாகப் படுகிறது.

2022இல் ஆஸ்திரேலியாவில் நடந்ததைப் பாருங்கள். கோவிட் கால நஷ்டத்தில் தள்ளாடிய, அந்நாட்டு நெட்பால் (கூடைப்பந்தைப் போன்ற ஆட்டம்) சங்கமான நெட்பால் ஆஸ்திரேலியா, ஹேன்காக் ப்ராஸ்பெக்டிங் என்ற சுரங்க நிறுவனத்தோடு நான்காண்டுக்கு 1.5 கோடி ஆஸ்திரேலிய டாலர் ஒப்பந்தம் போட்டது. நிறுவனர் லாங் ஹேன்காக், பழங்குடியினரில் ஒரு பகுதியினருக்குப் பிள்ளை பிறக்காதபடி தண்ணீரில் மருந்து கலக்கலாம் என்று 1984இல் தொலைக்காட்சியிலேயே பேசியவர். நூங்கார் பழங்குடியைச் சேர்ந்த டோனல் வாலம் அப்போதுதான் தேசிய அணிக்குள் வந்திருந்தார். அந்த லோகோ இல்லாத உடுப்பில் ஆட அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. சக வீராங்கனைகள் அவர் பக்கம் நின்றார்கள். அக்டோபர் 22 அன்று நிறுவனம் விலகியது.

அந்தப் பேட்டி ரகசியம் அல்ல. அரை மணி நேரம் தேடினால் கிடைத்துவிடும். ஆகவே முதல் வேலை, ஸ்பான்சரின் பெயர், நிறுவனர், துணை நிறுவனங்கள், நிலுவை வழக்குகள் எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதி, ரகசியக் காப்பு உறுதியோடு வீரர் சங்கத்திடம் கொடுங்கள். பதில் சொல்ல 14 நாள் போதும். பத்திரிகையாளர் சந்திப்பில்தான் வீரருக்கே விஷயம் தெரியவருகிறது என்றால், சண்டையை நீங்களே அழைக்கிறீர்கள்.

இரண்டாவது, மனசாட்சி விலக்கு. லோகோ அணிய மறுக்கும் வீரருக்கு லோகோ இல்லாத உடுப்பு உண்டு, அதனால் தொகை குறையாது, அணித் தேர்வும் பாதிக்காது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். ஸ்பான்சர் தயங்கினால், 12 பேர் அணியில் இருவர் வரை என்று உச்சவரம்பு வைத்துப் பேரம் பேசலாம். எழுதியதோடு விடாதீர்கள்: ஆளுக்கு இரண்டு லோகோ இல்லாத உடுப்பு, அவரவர் அளவில், தொடருக்கு முன்பே தைத்து வந்திருக்க வேண்டும். ஆட்டத்துக்கு முந்தின நாள் லோகோ மேல் துணி ஒட்டினால் கேமரா அங்கேதான் போகும்.

எல்லாவற்றையும்விட ஆபத்தான ஷரத்து, ‘நற்பெயருக்குக் களங்கம்’. இதை வரையறுக்காமல் விட்டால் ஊக்கமருந்தும் அதில் அடங்கும், தேசிய கீதத்தின்போது எதிர்ப்பாக முழந்தாளிடுவதும் அடங்கும். ஊக்கமருந்து, ஆட்ட முறைகேடு, வன்முறை, குற்றத் தீர்ப்பு என்று பட்டியல் போட்டு, ‘அமைதியான அரசியல் கருத்து இதில் சேராது’ என்று ஒரு வரி சேருங்கள். வீரர்கள் தனியாகப் போடும் ஒப்பந்தங்களுக்கும் இதே வாசகத்தை மாதிரியாகக் கொடுக்கலாம். 2016 செப்டம்பரில் டென்வர் பிராங்கோஸ் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் அணியின் வீரர் பிராண்டன் மார்ஷல், இனவெறிக்கு எதிர்ப்பாக, தேசிய கீதத்தின்போது முழந்தாளிட்டார். மறுநாளே அவரது ஸ்பான்சரான ஏர் அகாடமி கடன் சங்கம் அவரைக் கைவிட்டது, சில நாளில் தொலைத்தொடர்பு நிறுவனமான செஞ்சுரிலிங்கும் விலகியது. அதே முழந்தாளுக்குப் பேர்போன, அதே ஆட்டத்தைச் சேர்ந்த காலின் கேப்பர்னிக்கின் முகத்தைத்தான் 2018இல் நைக்கி தன் விளம்பரத்தில் போட்டது. எந்த நிறுவனம் எந்தப் பக்கம் சாயும் என்று ஊகித்துச் சங்கம் நடத்த முடியாது.

வீரர் வாயைக் கட்டினால் பணம் தங்கும் என்பதும் நிச்சயமில்லை. 2022 கத்தார் கால்பந்து உலகக்கோப்பையில், ஃபிஃபாவின் மஞ்சள் அட்டை மிரட்டலுக்குப் பணிந்து ஜெர்மனி உள்ளிட்ட ஏழு ஐரோப்பிய சங்கங்கள், பாகுபாட்டுக்கு எதிராக அணித் தலைவர்கள் அணியவிருந்த ‘ஒன் லவ்’ கைப்பட்டையைக் கைவிட்டன. ஜெர்மன் கால்பந்து சங்கத்தோடு ஒப்பந்தத்தை நீட்டிப்பதில்லை என்று முன்பே சொல்லியிருந்த ரேவே என்ற பல்பொருள் அங்காடி நிறுவனம், மிச்சமிருந்த விளம்பர உரிமைகளையும் அந்த வாரமே உதறியது.

பண விஷயத்துக்கு வருவோம். தொகையைக் காலாண்டுக்கு ஒருமுறை முன்கூட்டியே வாங்குங்கள். ஆண்டுக் கடைசியில் வாங்கினால் பிடி அவர்கள் கையில். விலக 90 நாள் நோட்டீஸ், அதற்குமுன் 30 நாள் சமரசப் பேச்சு. ஹேன்காக் விலகியபோது நான்கு மாத நிதி தர அதுவே முன்வந்தது. அடுத்த ஸ்பான்சரிடம் அதை எதிர்பார்க்காதீர்கள், எழுதி வாங்குங்கள். ஒரே நிறுவனத்தின் பங்கு மொத்த வரவில் 30 சதவீதத்தைத் தாண்டவும் விடாதீர்கள்.

நெட்பாலுக்கு ஒன்பதாவது நாளே, அக்டோபர் 31 அன்று, விக்டோரியா மாநிலச் சுற்றுலா நிறுவனம் அதே 1.5 கோடியோடு வந்தது. அது அரசு நிறுவனத்தின் பணம். எல்லா விளையாட்டுக்கும் அப்படி ஒரு கை நீளாது. அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல்.லில் பீட்சா நிறுவனமான பாப்பா ஜான்ஸ் 2018 பிப்ரவரியில் விலகிய மறுநாளே பீட்சா ஹட் அந்த இடத்துக்கு வந்தது என்றால், அது லீக்கின் சந்தை பலம். சிறிய சங்கங்கள் அதை நம்பி இருக்க முடியாது.

ஏற்கெனவே கையெழுத்தான ஒப்பந்தங்களைத் திறக்கத் தயங்குவீர்கள். திறக்க வேண்டாம். மனசாட்சி விலக்கு, களங்க ஷரத்தின் பட்டியல், நோட்டீஸ் காலம் ஆகிய மூன்றையும் ஒரு துணைக் கடிதமாக எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்டால் போதும். புதுப்பிக்கும் தேதிக்கு ஆறு மாதம் முன்பே இதைத் தொடங்குங்கள். கடைசி மாதத்தில் கேட்டால், வேறு அணியைப் பார்த்துக்கொள்கிறோம் என்பார்கள்.

இப்படிக்கு,
விளையாட்டு ஒப்பந்தங்களை வரைந்தும் சரிபார்த்தும் வரும் சிலர்