தாருக்குத் தின்னர் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காரில் தெறித்த தாரைத் தின்னர் (பெயிண்டை இளக்கும் திரவம்) நனைத்த துணியால் துடைத்தால் உடனே போய்விடும் என்று சென்ற இதழின் வாசகர் குறிப்புகளில் படித்தேன். தார் போகும், உண்மைதான். பல வண்டிகளில் பெயிண்டும் சேர்ந்து போய்விடும். சேலத்தில் இருபது வருடமாகக் கார் பெயிண்டிங் பட்டறை நடத்துகிறேன், படித்ததும் மனசு பதறிவிட்டது.

கம்பெனியில் அடிக்கும் பெயிண்டைச் சுமார் 140 டிகிரி சூட்டில் வாட்டி இறுக்குகிறார்கள். அது தின்னரைக் கொஞ்ச நேரமாவது தாங்கும். அடிபட்ட பிறகு வெளியே மலிவாக என்.சி. பெயிண்ட் (நைட்ரோசெல்லுலோஸ், சூட்டில் வாட்டாமல் தானே காய்வது) அடித்த கதவு தாங்காது. எத்தனை வருடம் காய்ந்திருந்தாலும் தின்னர் பட்டதும் கரையும். பழைய கார் வாங்கியவருக்கு எந்தக் கதவு மறுபடி அடித்தது என்றே தெரியாது. போன மாதம் வந்த ஒரு வெள்ளைக் காரின் பின்கதவில் உள்ளங்கை அகலத்துக்குச் பெயிண்டுக்கு அடியில் பூசும் சாம்பல் நிற பிரைமர் தெரிந்தது. தின்னரால் துடைத்த துணியையும் வண்டிக்காரர் எடுத்துவந்திருந்தார். அதில் தாரைவிட வெள்ளைதான் அதிகம்.

தாருக்குத் தேங்காய் எண்ணெய் போதும். முதலில் தண்ணீர் விட்டு மண்ணைக் கழுவிவிட வேண்டும். பஞ்சில் எண்ணெயைத் தோய்த்துப் புள்ளிமேல் கால் மணி நேரம் ஒட்டவைத்தால், தார் இளகிப் பழுப்பாக வழியும். அழுத்தாமல் ஒற்றி எடுக்க வேண்டும், தாருக்குள் இருக்கும் மணல்தான் கோடு போடுவது. பழைய தாருக்கு மட்டும் துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய், அதுவும் வண்டி நிழலில் ஆறிய பிறகு. துடைத்ததும் ஷாம்பு போட்டுக் கழுவிவிட வேண்டும். நகம், பிளேடு எதுவும் கூடாது. பெயிண்டுக்கு மேலே இருக்கும் நிறமில்லாத பளபளப்புப் பூச்சான கிளியர் கோட் தலைமுடியைவிட மெல்லியது.

எங்கள் ஊரில் மாமரத்தடியில் நிறுத்தும் வண்டிகளுக்குப் பூப்பூக்கும் காலத்தில் வேறொரு பிசுக்கு வரும். மரப்பால் என்று நினைத்து அதற்கும் தின்னரைத் தேடுகிறார்கள். அது பூவில் சாறு குடிக்கும் தத்துப்பூச்சியின் கழிவு, வெறும் சர்க்கரைத் தண்ணீர் மாதிரி. வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் போர்த்தினால் கரைந்துவிடும். வாரக்கணக்கில் விட்டால்தான் கரும்பூசணம் பிடித்துக் கஷ்டம்.

பல தெருக்களில் இப்போது தார் போடும் வேலை நடக்கிறது. அந்தக் குறிப்பை நம்பி யாரும் தின்னர் டப்பாவை எடுக்கும் முன், அடுத்த இதழிலேயே ஒரு திருத்தம் போடுங்கள் ஐயா.

இப்படிக்கு,
கார் பெயிண்டர், சேலம்