வாசித்தவர் பெயரும் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைப்பேசியில் பழைய திரைப்பாடல் ஒன்றைத் திறந்தால் பாடியவர், இசையமைத்தவர், பல நேரங்களில் எழுதியவர் பெயர்கூட வந்துவிடுகிறது. கருவி வாசித்தவர்கள் பெயர் வருவதில்லை. சென்ற ஆண்டு காலமான என் அப்பா, கோடம்பாக்கத்தில் கிட்டார் வாசித்துக் குடும்பம் நடத்தியவர். அவருக்காகவும் அவரோடு வாசித்தவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் சர்ச் கொயரில் கற்றுக்கொண்டு எழுபதுகளில் சென்னைக்கு வந்தார். கொஞ்ச காலம் மெல்லிசைக் குழு, கோயில் திருவிழா, கல்யாண ரிசப்ஷன். பிறகு ரெக்கார்டிங். அன்றைக்கு இசைக்குழு மொத்தமும் ஒன்றாக உட்கார்ந்து வாசிக்க வேண்டும். வயலின் வரிசையில் ஒருவருக்கு வில் பிசகினாலும் டேக் போய்விடும். எல்லாரும் மறுபடி முதலிலிருந்து. காலையில் கைக்கு வரும் நோட்ஸ் மதியத்துக்குள் பாட்டாகிவிடும். அப்படி வாசித்துவிட்டு வந்து, இரவு எத்தனை மணியானாலும் கம்பிகளைத் துணியால் துடைத்த பிறகுதான் சாப்பிட உட்காருவார். சென்னைக் காற்றுக்குக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும்.

அவர் போன பிறகு டைரிகளை எடுத்துப் பார்த்தோம். தேதி, ஸ்டுடியோ, கம்பெனி பெயர், வாங்கிய சம்பளம் எல்லாம் இருக்கிறது. பாட்டின் பெயர் இல்லை. ஒலிப்பதிவு நாளில் பல படங்களுக்குத் தலைப்பே வைத்திருக்க மாட்டார்களாம். ‘புரொடக்‌ஷன் நம்பர் 2, இரண்டு பாட்டு’ என்று மட்டும் எழுதியிருப்பார்.

முதலாண்டு நினைவு நாளுக்குப் பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கலாமா என்று தம்பி கேட்டான். “படம் போட வேண்டாம், அப்பா வாசிச்சதை எடுத்து வாசிங்க” என்றார் அம்மா. அன்றிலிருந்து டைரியை வைத்துக்கொண்டு பாடல்களைத் தேட ஆரம்பித்தோம். எனக்கும் தம்பிக்கும் கிட்டார் சொல்லிக் கொடுத்தவர் அப்பாதான் என்பதால் அவர் கை எங்களுக்குத் தெரியும். ஒரு சுரத்துக்கு நேராகப் போகமாட்டார். ஒரு ஃப்ரெட், அதாவது கிட்டார் கழுத்தில் ஒரு கட்டம், கீழே தொடங்கி, மோதிர விரலால் வழுக்கிக்கொண்டு மேலே வருவார். பல சுரங்களைச் சேர்த்து மீட்டும் கடைசி கார்டை (chord) மெல்லிய கம்பியில் தொடங்கித் தடித்த கம்பியில் முடிப்பார். ஆண்டும் கம்பெனியும் பொருந்திவருகிற பாடல்களில் பாட்டின் இடையே வரும் இசையை, இன்டர்லூடை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்போம். சிலவற்றில் சந்தேகமே இல்லை, அப்பாதான். அவற்றை அவருடைய கிட்டாரிலேயே பழகி, நினைவு நாள் ஜெபம் முடிந்ததும் வீட்டில் வாசித்தோம். சில பாடல்கள் இன்னும் பிடிபடவில்லை. அன்று பக்கத்து நாற்காலியில் இருந்தவர்கள்தான் சொல்ல முடியும். அவர்களுக்கும் வயதாகிவிட்டது.

இந்தத் தேடல் எந்தப் பிள்ளைக்கும் தேவைப்பட்டிருக்கக் கூடாது. தொண்ணூறுகளில் ஏ.ஆர். ரஹ்மானின் கேசட் உறைகளில் வாசித்தவர்கள் பெயரை அச்சிட்டார்கள். அதில் அப்பாவின் பெயர் இல்லை. ஆனாலும் அந்தச் சின்ன எழுத்துகளை வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு பெயராக உரக்கப் படித்து, “இவன் நம்ம ஆளு” என்று அம்மாவிடம் காட்டி மகிழ்ந்தார். கேசட் உறையில் இருந்த இடத்தைவிடச் செயலியில் இடம் அதிகம்.

சட்டத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின் 38பி பிரிவு, நிகழ்த்தும் கலைஞருக்குத் தன்னை அடையாளம் காட்டும்படி கேட்கும் உரிமையைத் தருகிறது. ஆனால் அதே சட்டத்தில் ‘நிகழ்த்துபவர்’ யார் என்று வரையறுக்கும் பகுதி, படத்தில் சிறு துணைப் பங்கு மட்டும் ஆற்றியவர், தொழில் வழக்கப்படி டைட்டிலிலும் பெயர் போடப்படாதவர் என்றால், அவருக்கு அந்த உரிமை இல்லை என்று சொல்கிறது. பெயர் போடாத பழைய வழக்கமே பெயர் கேட்க முடியாமல் செய்ய இடம் தரலாமா? பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே கிட்டார் தனியாகப் பாடுவது துணைப் பங்கு ஆகுமா? இசைக் கலைஞர்களை இந்த விதிவிலக்கிலிருந்து வெளிப்படையாக நீக்க வேண்டும் என்று நம் எம்.பி.க்கள் கேட்க வேண்டும்.

சட்டம் மாறும்வரை காத்திருக்காமல் செய்யக்கூடியதும் உண்டு. வாசித்தவர்களின் வீடுகளில் இப்படி டைரிகளும் நோட்ஸ் தாள்களும் கிடக்கும். தயவுசெய்து பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். திரைப்பட இசைக் கலைஞர்கள் சங்கமும், தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் சேர்ந்து இவற்றின் நகல்களைச் சேகரித்து, மூத்த கலைஞர்களை உட்காரவைத்து, எந்தப் பாடலில் யார் வாசித்தார் என்று பதிவு செய்யலாம். இசை வெளியீட்டு நிறுவனங்கள் அந்தப் பெயர்களைச் செயலிகளுக்குக் கொடுக்கலாம். இப்படி ஒரு முயற்சி தொடங்கினால் அப்பாவின் டைரிகளை நகலெடுத்துக்கொள்ள எங்கள் குடும்பம் தரத் தயாராக இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு கிட்டார் கலைஞரின் மகள்,
சாலிகிராமம், சென்னை.