ஞாயிறு ஏசிஎல்எஸ் பயிற்சி

எல்லாருக்கும் வணக்கம். ஞாயிறு காலை 8 மணிக்கு நம் மருத்துவமனையின் கீழ்ப்பாக்கம் கிளையில் ஏசிஎல்எஸ் பயிற்சி, அதாவது இதயம் நின்றுபோன நோயாளியைக் காப்பாற்றும் மேம்பட்ட உயிர்காப்புப் பயிற்சி. நைட் டியூட்டி முடித்து வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டே வாருங்கள், கொஞ்சம் தாமதமானாலும் சரி. அட்ரினலின் 1 மில்லிகிராம், 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை என்பதெல்லாம் எல்லாருக்கும் மனப்பாடம்தான், ஆனால் கோட் ப்ளூ (நோயாளியின் இதயம் நின்றுவிட்டது என்ற அவசர அழைப்பு) வந்ததும் ஆளாளுக்குப் பேசுவதில் நெஞ்சை அழுத்துவது நின்றுபோகிறது, என் கவலை அதுதான். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், குறைந்தது 5 செ.மீ. ஆழம், இடைவெளி 10 விநாடியைத் தாண்டக் கூடாது, டீஃபிப்ரிலேட்டர் (இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் கருவி) சார்ஜ் ஆகும்போதும் கை நிற்கக் கூடாது. 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். லீடர் சொன்னதை வாய்விட்டுத் திருப்பிச் சொன்ன பிறகுதான் மருந்து. அப்புறம், வார்டு சிஸ்டர்கள் கண்டிப்பாக வரணும், நோயாளியை முதலில் பார்ப்பது நீங்கள்தான். வருகிறவர்கள் இன்றிரவுக்குள் இங்கேயே பெயர் போடுங்கள்.