வெட்டாமல் விட்ட தாமரை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. டாக்டர் சொல்லும்வரை பட்டறைப் பக்கம் போகாதே, கல்தூசி ஆகாது. அண்ணி பேச்சையாவது கேள். இங்கே எல்லோரும் சௌக்கியம். பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

மகன் வீட்டில் இருக்கும் இந்த நாட்களில் எனக்குப் பிடித்த இடம் பிரிஸ்டல் அருங்காட்சியகம். பழைய சீனக் கண்ணாடிப் பாத்திரங்களின் நல்ல தொகுப்பு அங்கே உண்டு. போகும்போதெல்லாம் உன்னைத்தான் நினைத்துக்கொள்கிறேன், நீ பார்க்க வேண்டிய வேலை அது.

அங்கே ஒரு பால்வெள்ளைக் கண்ணாடி ஜாடி, அதன்மேல் புடைப்பாகச் சிவப்புத் தாமரைக்குளம். பூவைத் தனியாகச் செய்து ஒட்டியதுபோல இருக்கும். ஆனால் ஒட்டு வேலை எதுவும் இல்லை. வெள்ளைக் கண்ணாடியை ஊதி உருவாக்கி, சூடு ஆறுமுன் அதன்மேல் உருகிய சிவப்புக் கண்ணாடியை ஓர் அடுக்காக ஏற்றிவிடுவார்கள். ஆறியதும் ஜாடி வெளியே முழுச் சிவப்பு. பிறகுதான் செதுக்குகிறவர் கைக்கு வரும். உளி இல்லை, சுத்தியல் இல்லை. ஜேட் கல்லைக் கடைவதுபோலவே, சுழலும் சின்னச் சக்கரத்தில் ஈரத் தேய்பொடி தடவி, சிவப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து எடுக்க வேண்டும். பூவும் இலையும் இருக்கும் இடத்தில் மட்டும் சிவப்பை விட்டுவைத்து, மற்ற இடமெல்லாம் வெள்ளை தெரியும்வரை தேய்ப்பார்கள்.

இதுதான் என்னைக் கட்டிப்போட்டது, சேகர். நாம் ரசிப்பது பூவை. பூவுக்கும் சக்கரம் பட்டிருக்கிறதுதான், ஆனால் பெரும்பாடு அந்த வெறும் வெள்ளைத் தரையில்தான் போயிருக்கிறது. அங்கே தேய்த்தவர் ஒரு கோடுகூடத் தெரியாமல் மெருகேற்றி, தன் வேலையைத் தானே மறைத்துவிட்டார். வெளிச்சத்தைச் சாய்வாக வாங்கிப் பார்த்தால் மட்டும் அந்தத் தரை லேசாக ஏறி இறங்குவது தெரிகிறது. ஒரு இதழை அருகில் போய்ப் பார்த்தேன். நடுவில் கண்ணாடி தடிப்பாக இருப்பதால் கருஞ்சிவப்பு. ஓரத்தில் வெங்காயத்தோல் அளவுக்குத் தேய்த்திருப்பதால் உள்ளிருக்கும் வெள்ளை கசிந்து ரோஜா நிறம். ஒரே கண்ணாடி, தடிப்பை மாற்றியே நிழல் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் இரண்டு சுற்று கூடப் போயிருந்தால் அந்த ஓரம் இல்லை. தப்பிப்போனால் அரக்கு வைத்து அடைக்கிற வேலையும் இல்லை இது.

பெய்ஜிங்கில் அரண்மனைக்கான கண்ணாடிப் பட்டறையைக் காங்ஷி பேரரசர் 1696-இல் தொடங்கினார். அமைத்துக் கொடுத்தவர் கிலியன் ஸ்டம்ப்ஃப் என்ற ஜெர்மானிய இயேசுசபைப் பாதிரியார். ஷாண்டோங் மாகாணத்துப் போஷான் ஊரிலிருந்து கண்ணாடித் தொழிலாளர்களும் வந்தார்கள். அந்தக் காலப் பாத்திரங்கள் சிலவற்றின் கண்ணாடிக் கலவையில் காரம் கூடி, சுண்ணாம்பு குறைந்துபோனதால், நாளடைவில் உள்ளே நுண்ணிய விரிசல்கள் வலைபோலப் பரவியிருக்கின்றன. இரண்டு அடுக்கு வேலையில் இன்னொரு கண்டமும் உண்டு. ஆறும்போது இரண்டு கண்ணாடியும் ஒரே அளவில் சுருங்க வேண்டும், இல்லையென்றால் பிளந்துவிடும். செதுக்குகிறவர் உழைப்பெல்லாம் உலைக்காரர் கலவையை நம்பித்தான் இருந்திருக்கிறது.

சியான்லோங் பேரரசர் காலத்தில், அதாவது 1736 முதல் 1795 வரை, இந்தக் கலை உச்சத்துக்குப் போனது. மூக்குப்பொடிச் சீசாக்களில் அதை நன்றாகப் பார்க்கலாம். உள்ளங்கைக்குள் அடங்கும் சீசா, மூடியோடு சேர்ந்த சின்னக் கரண்டி. சிலவற்றில் ஒரே மட்டத்தில் நாலைந்து நிறங்கள் இருக்கும்: மீனுக்குச் சிவப்பு, இலைக்குப் பச்சை, வேறோர் இடத்தில் மஞ்சள். எந்த நிறம் எங்கே வர வேண்டும் என்பதை உருகிய நிலையிலேயே முடிவு செய்து, அங்கங்கே சொட்டாக வைத்துவிட வேண்டும். பின்னால் மனம் மாற வழியில்லை. வௌவால், பீச் பழம், கொம்பில்லாத டிராகன் என்று வரைவதெல்லாம் பெரும்பாலும் நல்வாழ்த்துதான். நற்பேறு வேண்டி வௌவால், நீண்ட ஆயுள் வேண்டி பீச்.

பிரான்சின் கண்ணாடிக் கலைஞர் எமில் காலே 1885-இல் பெர்லின் அருங்காட்சியகத்தில் இருந்த சீனக் கண்ணாடிகளை உட்கார்ந்து படித்தவர். அவருடைய பூ வேலைப்பாட்டு ஜாடிகளில் அந்தப் பாடம் தெரிகிறது. ஆனால் பிற்கால ஐரோப்பியப் பட்டறைகள் மேலடுக்கை அமிலத்தில் கரைத்தே பல ஜாடிகளை மலிவாகச் செய்து தள்ளின. அந்த ஓரங்களில் ஒரு தட்டையான சலிப்பு இருக்கும். எனக்கு அவை பிடிக்கவில்லை. சீனப் பாத்திரத்தின் அடியில் பேரரசர் பெயர் பொறித்திருந்தாலும் அதை மட்டும் வைத்துக் காலம் சொல்லிவிட முடியாது. பிற்காலத்திலும் அதே பெயரைப் பொறித்து விற்றிருக்கிறார்கள்.

புடைப்புச் சிற்பத்தில் நீ முதலில் தரையை இறக்குவாயா, உருவத்தைத் தொடுவாயா? பழைய ஆட்கள் எதைச் சொல்லிக் கொடுத்தார்கள்? விரிவாக எழுது. ஜாடியின் படங்கள் நாலைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். கண் நன்றாகத் தெளிந்த பிறகு பார், அவசரமில்லை. தை பிறந்ததும் ஊருக்கு வருகிறேன், இரண்டு நாள் உன் வீட்டில்தான்.

அன்புடன்,
கணேசன்